'ஆபாசம்' என்ற சொல்: எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பழைய ஆட்களுக்கு இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. 1917-இல் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். மற்ற நேரத்தில் யாராவது பாரம் நிரப்பவோ மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்லவோ கேட்டு வருவார்கள்.

போன மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் கோயில் வாட்சாப் குழுவில் பெரிய சண்டை. ஒருவர் ஒரு வீடியோவைப் போட்டு, "இதெல்லாம் ஆபாசம்" என்று எழுதினார். இன்னொருவர், "எது ஆபாசம்? முதலில் அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வாசலில் வந்து நிற்பவர்கள் எல்லாம், "டீச்சர், ஆபாசம்னா சரியா என்ன?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், ஆபாசம் என்றால் என்ன?

பாலியல் தொடர்பானதை, அதற்குரிய இடமோ ஆளோ இல்லாத இடத்தில், பார்ப்பவரோ கேட்பவரோ கூசிப்போகும்படி காட்டுவது, பேசுவது, எழுதுவது. இன்றைய பேச்சில் இதுதான் பொருள். அவசரமாகப் போகிறவர்கள் இதோடு போகலாம்.

இது தமிழ்ச் சொல்லா?

வடசொல். ஆனால் வடமொழியில் இதற்கு ஆரம்பத்தில் கெட்ட பொருள் இல்லை. தோற்றம், சாயல், ஒன்றைப் போலத் தெரிவது என்பதுதான் பொருள். அதிலிருந்து 'போலி' என்ற பொருள் வந்தது.

தர்க்க நூல்களில் ஏத்துவாபாசம் என்று ஒன்று உண்டு. காரணம் போலத் தெரியும், ஆனால் காரணம் ஆகாது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது அந்த நூல்களில் சரியான காரணத்துக்கு வரும் வழக்கமான எடுத்துக்காட்டு. இங்கே காலை ஆறரை மணிக்குச் செம்பனை மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒன்று தவழும். அதைப் புகை என்று நினைத்துத் தீ பிடித்துவிட்டது என்று ஓடினால் அது போலிக் காரணம், ஏனென்றால் அது பனிமூட்டம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வரிசையாக வருகின்றன. வடமொழிக்காரர் 'ஆபாசம்' என்ற இடத்தில் சாத்தனார் 'போலி' என்று அழகாகத் தமிழில் சொல்லிவிட்டார்.

போலி எப்படி அசிங்கமாக மாறியது?

நடுவில் ஒரு பாலம் இருக்கிறது: ரசாபாசம். "கூட்டம் ரசாபாசத்தில் முடிந்தது" என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது விகாரமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். இது வடமொழிக் கவிதை இலக்கணமான அலங்கார சாத்திரத்திலிருந்து வந்த சொல். சுவை போலத் தோன்றும், ஆனால் முறையில்லாததால் சுவை ஆகாது. அதற்கு அந்த நூலார் காட்டும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? இராவணன் சீதை மேல் கொண்ட காதல். உருகுகிறான், ஏங்குகிறான், காதலனுக்கு உரிய எல்லா அடையாளமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் சம்மதம் இல்லை. ஆகவே அது காதலின் போலி, சிருங்கார ஆபாசம்.

'போலி' என்பதோடு 'தகாதது' என்ற பொருளும் இங்கேதான் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். பிறகு தமிழில் போலி என்ற பாதி கழன்று விழுந்துவிட்டது, தகாதது மட்டும் நின்றுவிட்டது. சுயமரியாதை இயக்கத்தார் 'புராண ஆபாசம்' என்று எழுதியபோதுகூட வெறும் பாலியலை மட்டும் சொல்லவில்லை, அறிவுக்கு ஒவ்வாத விகாரத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து இறங்கினார். அந்தக் காலத்துப் பேச்சில் ஊறியவர்கள் இந்தச் சொல்லை அகலமாகவே பயன்படுத்துவார்கள். என் தாத்தா கணக்குத் தப்பாகப் போட்ட கிராணியை (தோட்டத்துக் கணக்கரை) பார்த்து, "ஆபாசமா கணக்கு எழுதி வச்சிருக்கான்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவே இல்லை.

இந்தி நாடகத்தில் 'ஆபாஸ்' என்று சாதாரணமாகப் பேசுகிறார்களே?

அங்கே அதற்கு 'லேசாகத் தோன்றியது, உள்ளுணர்வு சொன்னது' என்று பொருள். ஆகவே மாமியார் "எனக்கு ஆபாஸ் ஆனது" என்றால் பதற வேண்டாம். மலையாளத்தில் நம்மைப் போலத்தான், ஆபாசன் என்றால் கேடுகெட்டவன். தெலுங்கில் அபாசுபாலு என்றால் நாலு பேர் முன்னால் கேலிக்கு ஆளாவது. ஒரே சொல் நாலு வீட்டில் நாலு மாதிரி வளர்ந்திருக்கிறது.

எப்படி எழுதுவது?

ஆபாசம். 'பா'வை 'bha' போல அழுத்தாமல் மென்மையாகச் சொன்னால் போதும். 'அபாசம்' தவறு. பிள்ளைகள் கட்டுரையில் வழுக்கி விழும் இடம் ஒற்று: ஆபாசப் படம், ஆபாசச் சொல், ஆபாசக் காட்சி, ஆபாசத் தளம். க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ஆபாச வார்த்தை, ஆபாச நடனம் என்பவற்றில் மிகாது.

அசிங்கம், விரசம், கொச்சை, வக்கிரம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சாக்கடை அசிங்கம், ஆனால் ஆபாசம் இல்லை. வாந்தியும் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்க வைப்பதற்கு அசிங்கம் பொதுப்பெயர். எங்கள் தோட்டத்துப் பெண்கள் 'ஆபாசம்' என்று வாயால் சொல்லவே மாட்டார்கள். "அசிங்கமா பேசினான்" என்பார்கள். ஆபாசம் மேடைக்கும் பத்திரிகைக்கும் உரிய சொல், அசிங்கம் வீட்டுச் சொல்.

விரசம் என்றால் சுவை இல்லாதது. எழுத்தையும் சினிமாவையும் பற்றி நாகரிகமாகக் குறை சொல்பவர்கள் அதை எடுப்பார்கள். ஆபாசத்தைவிடக் காரம் குறைவு. கொச்சை என்பது பண்படாத பேச்சு. அது பாலியலாக இருக்க வேண்டியதில்லை. வக்கிரம் என்றால் வளைவு. சோதிடர் கிரகம் பின்னோக்கிப் போவதை வக்கிரம் என்பார். மனிதனுக்கு வந்தால் அது மனக்கோணல். ஆபாசம் வெளியே தெரிவது, வக்கிரம் உள்ளே இருப்பது.

யாழ்ப்பாணத்தார் வீடுகளில் 'தூஷணம்' என்பார்கள். கெட்ட வார்த்தை என்று பொருள். கேட்க நன்றாக இருக்கும், திட்டுவதுகூடத் தெரியாது.

பழந்தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா?

இருந்தது, ஆனால் வேறு கோணத்தில். தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல் என்று பொருள். "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்", அதாவது அதை மறைத்துச் சொல்ல வேண்டும். நன்னூலார் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தார். 'கால் கழுவி வருகிறேன்' என்பது பள்ளியில் படித்ததுதான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று. சொல் கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, 'அவைக்கு ஆகாதது' என்றார்கள். இடம்தான் கணக்கு. வைத்தியரிடம் சொல்லலாம், தோட்டத்து ஆட்கள் காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் சொல்லக் கூடாது.

சொல்லும் காலத்தோடு சேர்ந்து ஓடும். திருக்குறளில் "தலையின் இழிந்த மயிரனையர்" என்று வருகிறது. வகுப்பில் இந்தக் குறளை வாசித்தால் பின்வரிசை முழுதும் குனிந்துகொண்டு சிரிக்கும். வள்ளுவர் காலத்தில் மயிர் வெறும் மயிர்தான். இன்று அதைச் சொன்னால் சண்டை வரும், அதனால் 'முடி' என்கிறோம். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம். கேவலம் என்றால் 'தனித்தது, முழுமையானது'. சமணர்கள் மிக உயர்ந்த அறிவையே கேவல ஞானம் என்றார்கள். இறங்கிய சொல் திரும்ப ஏறுவது அபூர்வம்.

மலாயில் 'லூச்சா' என்பதும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர் காதில் அது 'லுச்சா' என்று விழும். அங்கே அது போக்கிரியைக் குறிக்கும் வசைச் சொல், இங்கே ஆபாசம். மலாயில் 'சும்பாங்' என்று இன்னொன்று உண்டு, முறைகேடானது, அநாகரிகமானது என்று அர்த்தம். 'சாபுல்' என்றால் மேலே கை வைப்பது. நம் பத்திரிகைகள் அதை 'மானபங்கம்' என்று போடுவது சரி. மூன்றையும் போட்டுக் குழப்பினால் போலீஸ் ரிப்போர்ட்டில் கதையே மாறிவிடும்.

இரண்டு மொழி பேசும் ஊரில் விபத்தும் நடக்கும். பள்ளி விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கியில் "காற்பந்தாட்டம், காற்பந்தாட்டம்" என்று அறிவித்தபோது என் மலாய்ச் சினேகிதி வாயைப் பொத்திக்கொண்டாள். 'பந்தாட்' என்பது அவர்கள் மொழியில் உடம்பின் பின்பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? வாட்சாப்பில் அனுப்பினால் பிடிப்பார்களா?

நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 292-ஆம் பிரிவு ஆபாசப் புத்தகம், படம் முதலியவற்றை விற்பது, பரப்புவது பற்றியது, 3 ஆண்டு வரை சிறை. பொது இடத்தில் ஆபாசமாக நடப்பதும் பாடுவதும் 294-இல் வரும், 3 மாதம் வரை. ஒருவரின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லும் சொல், காட்டும் சைகை 509-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை. எல்லாவற்றிலும் அபராதமும் உண்டு.

வாட்சாப், ஃபேஸ்புக் என்றால் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், 233-ஆம் பிரிவு. முன்பு 50,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் ஓராண்டுச் சிறையும்தான் உச்சம். 2025-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. "நான் சும்மா ஃபார்வர்ட் பண்ணேன்" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்கும் அண்ணன்மார்கள் கவனிக்கவும்.

'அசிங்கமாகப் பேசினான்' என்று மட்டும் ரிப்போர்ட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பலவீனமாக இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் அக்கா வந்தார். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "டீச்சர், பாலாய் வரைக்கும் வரணும், எனக்கு மலாய் அவ்வளவா வராது" என்றார். பாலாய் என்றால் போலீஸ் நிலையம். வேலைக்காட்டில் மண்டோர் (மேஸ்திரி) ஒருவன் பல மாதமாக ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறானாம். போனோம். அங்கிருந்த இளம் போலீஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான் சொல்லச் சொல்ல, 'காத்தா-காத்தா லூச்சா', ஆபாச வார்த்தைகள், என்று தட்டினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "சரி, என்ன வார்த்தை?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். "அசிங்கமா சொன்னான்னு எழுதச் சொல்லுங்க" என்றார் மெதுவாக. போலீஸ்காரர், சொன்ன வார்த்தை அப்படியே வேண்டும், அதுதான் ஆதாரம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு தாள் கேட்டார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்தில், வரிசையாக ஏழெட்டு வரி எழுதினார். தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். நான் படித்து, மலாயில் சொன்னேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

ஆகவே, என்ன வார்த்தை, எந்த நாள், எந்த நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் அந்தத் தாளை நீட்டலாம். சொல்லாமல் மறைப்பது அவைக்குத்தான், புகாருக்கு இல்லை.

அந்த மண்டோர் "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்றால்?

சொன்னான். மேலே இராவணன் கதை படித்தீர்கள் அல்லவா, அதேதான். விளையாட்டு போலத் தெரியும், விளையாட வேண்டிய மற்றவருக்கு அது விளையாட்டு இல்லை. பழைய பொருளில் சொன்னால் இதுதான் அசல் ஆபாசம்.

ஆனால் புகாரில் 'ஆபாசம்' என்று மட்டும் எழுதாமல், 'பாலியல் தொல்லை', மலாயில் 'கங்குவான் செக்சுவல்' என்றும் எழுதுங்கள். 2022-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஒரு தீர்ப்பாயமும் இயங்குகிறது. இழப்பீடு 2,50,000 வெள்ளி வரை கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

அந்தத் திருவிழா வீடியோவில் இருந்தது ஆபாசமா இல்லையா? நழுவாமல் சொல்லுங்கள்.

நழுவவில்லை. வீடியோவில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, கரகத்துக்குப் பின்னால் ஆடி வந்த ஒரு பெண் பிள்ளையின் ரவிக்கை முதுகில் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரண்டு, உறுமி மேளக் குழு பாடிய பாட்டு. அதில் ஒரு வரிக்கு இரட்டை அர்த்தம், இரண்டாவது அர்த்தத்தை இங்கே எழுத முடியாது. நாற்பது ஐம்பது பையன்கள் அந்த வரிக்கு விசில் அடித்தார்கள்.

வாட்சாப்பில் வந்த அறுபது சொச்சம் செய்தியில் ரவிக்கையைப் பற்றித்தான் அத்தனையும். பாட்டைப் பற்றி ஒரே ஒருவர் எழுதினார், அவரும் "சவுண்டு ஜாஸ்தி" என்றுதான் எழுதினார். என் கணக்கில் பாட்டு ஆபாசம். அம்மன் சன்னதி, பிள்ளைகள் நிற்கிறார்கள், அங்கே அந்த வரிக்கு இடமில்லை. அதே வரியை ஒரு நண்பர் கூட்டத்தில் பாடியிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். ரவிக்கை ஒரு தையல் பிரச்சினை. இதைக் குழுவிலும் எழுதினேன். இரண்டு பேர் வெளியேறினார்கள்.

அப்படியென்றால் நிர்வாணம்கூட ஆபாசம் இல்லை என்கிறீர்களா?

தானாக இல்லை. குழந்தை குளிக்கிறது, பட்டினத்தார் கோவணத்தோடு நிற்கிறார், கோபுரத்தில் சுதைச் சிற்பம் இருக்கிறது. யாரும் கண்ணைப் பொத்துவதில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2014-இல் இதைச் சொல்லியிருக்கிறது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையில்லாமல் இருந்த ஒரு படம், நிறவெறியை எதிர்த்து எடுத்தது. அதை வெளியிட்ட பத்திரிகை மீது வழக்கு. ஆடையில்லை என்பதற்காக மட்டும் ஆபாசம் ஆகாது, எந்தச் சூழலில் என்ன சொல்ல வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இது இந்தியத் தீர்ப்பு, நம் நாட்டு நீதிமன்றத்தை இது கட்டுப்படுத்தாது.

பிள்ளை வந்து "ஆபாசம்னா என்னம்மா?" என்று கேட்டால்?

கன்னத்தில் அறையாதீர்கள், முதலில் அது. "உடம்பைப் பற்றி, மத்தவங்களுக்குக் கூச்சமா இருக்கிற மாதிரி பேசுறது, காட்டுறது. உன்கிட்ட யாராவது அப்படிச் செய்தா அம்மாகிட்ட சொல்லணும்." பத்து வயதுக்கு இது போதும். உடம்பு உறுப்புகளுக்குச் சரியான பெயரையும் சொல்லிக் கொடுங்கள். அந்த அக்காவுக்கு ஐம்பது வயதில் தாள் தேவைப்பட்டதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெயரை மாற்றியதே இதனால்தானாமே? கல்யாணப் பத்திரிகையில் எதைப் போடுவது?

ஆமாம். 'பத்தாங் பெர்ஜுந்தை' என்றால் தொங்கும் தண்டு, தொங்கும் மரக்கிளை. ஆற்றோரத்து ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் 'பத்தாங்' என்பதற்குக் கொச்சையில் வேறு அர்த்தம் உண்டு, வெளியூர்க்காரர்கள் கேட்டதும் சிரிப்பார்கள். 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். மரத்தின் மேல் குற்றமில்லை, கேட்டவன் காதில்தான். எனக்குப் பழைய பெயர் மேல்தான் பிரியம்.

பத்திரிகையில் பெஸ்தாரி ஜெயா என்று போடுங்கள், கீழே சின்னதாகப் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் சேர்த்துவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் பெரியப்பாவுக்குப் புதுப் பெயர் சொன்னால் பஸ்ஸை விட்டே இறங்கமாட்டார். அஞ்சல் குறியீடு இரண்டுக்கும் 45600தான்.